பணயம் வைத்தவனும் ஆடியவனும்

கடதாசி விளையாட்டிலே ஆடுபவர்களுக்கு விதிகள் பலவாக இருக்க, ஆடாமல் பின்னால் நின்று பார்ப்பவனுக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: அவன் வாய் திறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே, சனசமூக நிலையத்து விறாந்தையிலும், கோவில் வீதியின் மரநிழலிலும், செத்தவீட்டுப் பந்தலிலே விடியும்வரை விழித்திருக்கும் இரவுகளிலும், முந்நூற்று நாலு ஆடுகின்ற நால்வரைச் சூழ எப்பொழுதும் நாலைந்து பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். இரண்டு கட்சிக்காரரின் கையையும் மாறி மாறிப் பார்க்கும் வசதி அவர்களுக்கு உண்டு. ஆடுபவர் எவருக்கும் இல்லாத பூரண ஞானம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதே அவர்களுடைய தர்மம். தொண்டையைச் செருமினவனையும், புருவத்தை உயர்த்தினவனையும், ‘ஐயோ’ என்று மூச்சு விட்டவனையும் வயது வித்தியாசம் பாராமல் அவ்விடத்திலிருந்து எழுப்பி அனுப்பிவிடுகிற வழக்கம் நெடுங்காலமாக நம்மிடையே இருந்து வருகின்றது.

இவ்வளவு கடுமை எதற்காக என்பதை அவ்வாட்டத்தின் அமைப்பே சொல்லும். முப்பத்திரண்டு தாள்கள், சாதி ஒன்றுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆகச் சாதி ஒன்றுக்கு 76, நாலு சாதிக்கும் 304. எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். துரும்பைத் தீர்மானித்தவன் ஒரு தாளைக் கவிழ்த்து வைக்கிறான். அது வெளிப்படும்வரை அதனை அறிந்தவன் அவன் ஒருவனே. மற்ற மூவரும் விழுகின்ற தாள்களைக் கொண்டும், முன்னே கேட்கப்பட்ட கேள்விகளைக் கொண்டும், எதிரே இருப்பவனின் தயக்கத்தைக் கொண்டும் அதனை அநுமானித்தாக வேண்டும். எனவே ஒவ்வொருவனுக்கும் இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது என்று பங்கிடப்பட்ட அறியாமையின் மேலேதான் அந்த ஆட்டம் முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. பின்னால் நிற்பவன் ஒரு சொல் சொல்வானாயின் அந்தப் பங்கீடு குலைகிறது. அதற்குப் பிறகு ஆடப்படுவது தாள்களை எறிகிற சடங்கேயன்றி ஆட்டமாகாது.

இன்றைக்கு அந்தப் பார்வையாளன் யந்திரமாகிவிட்டான். யந்திரமான பின்னர், வாய் திறப்பதோடு நில்லாமல், ஆடுபவனை எழுப்பிவிட்டு அவனுடைய இடத்திலே தானே அமர்ந்து ஆடவும் பழகிக்கொண்டான். இணையத்து விளையாட்டுகளிலே மனிதனுக்குப் பதிலாக ஆடுகின்ற செய்நிரலைத் தானியங்கி என்று எழுதுகிறோம். நமது பிள்ளைகள் அதனைப் ‘பொட்’ என்றே சொல்கிறார்கள். 1990 ஆம் ஆண்டிலே மின்சாரம் நின்றுபோன குடாநாட்டில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே கடதாசியும் தாயமும் சதுரங்கமும் ஆடிப் பொழுது போக்கிய தலைமுறையின் புத்திரர்கள், இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற மைத்துனர்களோடு கைத்தொலைபேசி வழியே ஒரே களத்திலே இறங்கி விளையாடுகிறார்கள். உறவு அறுந்துபோகாமல் இருப்பதற்கு இதுவும் ஓர் உபாயம் என்று மனம் மகிழ்கின்ற அதே வேளையில், எதிரே ஆடுவது மைத்துனன்தானா, மைத்துனன் விலைக்கு வாங்கிய செய்நிரலா என்ற ஐயமும் அந்தக் களத்துக்குள்ளே கூடவே நுழைந்துவிட்டது. ஒருவன் மேல் ஒருவன் சந்தேகங் கொள்ளாமல் விளையாடுவதற்கு நேருக்கு நேர் இருத்தல் எவ்வளவு துணையாக இருந்தது என்பதை, அந்தத் துணை நீங்கிய பின்னரே நாம் உணர்கிறோம்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் திகதி, கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்டும்பொருட்டு, விஸ்வநாதன் ஆனந்த் பிரபலஸ்தர்கள் பலருடன் இணையத்திலே ஒரே நேரத்தில் சதுரங்கம் ஆடினார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரை அன்றைக்கு ஒருவர் தோற்கடித்தார். அவர் நிகில் காமத் என்ற இளம் செல்வந்தர்; பங்குச் சந்தை வியாபார நிறுவனம் ஒன்றின் ஸ்தாபகருள் ஒருவர். காய்களின் நகர்வைப் பார்த்தவர்கள் அது மனிதக் கையின் ஆட்டமன்று என்று ஐயுற்றார்கள். போட்டியை நடத்திய தளம் அவருடைய கணக்கை மூடியது. மறுநாள் அவரே, ஆட்டத்தை ஆராய்ந்தவர்களின் உதவியும் கணினியின் உதவியும் தமக்கு இருந்தன என்று ஒப்புக்கொண்டு, இதனால் இத்தனை குழப்பம் விளையும் என்று தாம் நினைக்கவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். ஆனந்த் அதனை மேலும் வளர்க்க விரும்பவில்லை. கணக்கு மீளத் திறக்கப்பட்டது. பலகையிலே இருந்த நிலையைத்தான் தாம் ஆடியதாகவும், எல்லாரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் மட்டும் ஆனந்த் சொன்னார்.

தர்மகாரியத்துக்காக நடந்த வேடிக்கை ஆட்டந்தானே, அதிலே இதனை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பொழுது கேட்டவர்கள் உண்டு. பணம் போகவில்லை, பட்டம் போகவில்லை, நிதியும் குறையவில்லை என்பது உண்மையே. ஆயினும், அன்றைய வைபவத்திலே ஆனந்த் கொண்டுவந்து வைத்த பொருள் எது என்று யோசிக்க வேண்டும். தம்முடைய நேரத்தையும், நாற்பது வருஷத்து அப்பியாசத்தையும், தோற்றாலும் தோற்கலாம் என்ற சம்மதத்தையும் அவர் வைத்தார். எதிரே இருந்தவரும் தம்மிடம் இருந்த அற்பமான சதுரங்க அறிவை வைத்திருப்பாராயின் அது சமானமான பரிமாற்றமாக இருந்திருக்கும். ஏனெனில் வைக்கப்படுவது பெரிதா சிறிதா என்பது அங்கே கணக்கில்லை, அது தன்னுடையதா என்பதே கணக்கு. தன்னுடையது ஒன்றையும் வையாமல் அந்த ஆசனத்தில் இருந்தமையே அவருடைய பிழை.

இந்த இடத்திலே மகாபாரதத்தின் சபாபர்வத்தை நினையாமல் இருக்க முடியாது. சூதாட்டம் என்றவுடன் சகுனியின் வஞ்சகப் பாய்ச்சிகைகளையே நாம் நினைக்கிறோம். கூத்துக்களும் கதாப்பிரசங்கங்களும் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆனால் வியாசர் சொல்லும் வரலாற்றிலே, பாய்ச்சிகை உருள்வதற்கு முன்னரே ஒரு கோணல் நிகழ்ந்துவிடுகிறது. பொருளையும் மணிகளையும் நான் தருகிறேன், எனக்காக என் மாமன் ஆடுவான் என்று துரியோதனன் சொல்கிறான். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையென்று எனக்குத் தோன்றவில்லை, இதனை நீயும் அறிவாய் என்று தருமபுத்திரன் ஆட்சேபிக்கிறான். ஆட்சேபித்துவிட்டு, ஆகட்டும், தொடங்குக என்று சம்மதித்தும்விடுகிறான். பாண்டவருடைய இராச்சியமும் மானமும் போனதற்குக் காரணங்களை அடுக்குகிறவர்கள் இந்தச் சிறிய சம்பாஷணையைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ, இணைய விளையாட்டு நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிற நிபந்தனைகளின் சாரம் முழுவதும் தருமபுத்திரனுடைய அந்த ஓர் ஆட்சேபத்துக்குள்ளே அடங்கிக் கிடப்பதாகத் தோன்றுகிறது: பணயம் வைப்பவன் எவனோ, அவனே ஆட வேண்டும்.

பதிலாளாக வருகின்ற தானியங்கிகள் யாவும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. சதுரங்கத்திலும் கடதாசியிலும் வருவது மந்திரியைப் போன்றது. அது ஆலோசனை சொல்லும், கை நம்முடையது. துப்பாக்கி ஏந்தி ஓடுகின்ற ஆட்டங்களிலே வருவது கையையே தன்வசமாக்கிக்கொள்வது. எதிரி தென்பட்ட மாத்திரத்தில் குறி தானாகவே அவன் தலைமேல் போய் நிற்கும். மூன்றாவது வகை, எசமானன் உறங்கும் வேளையிலே அவனுக்காகக் கூலி வேலை செய்வது. பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகத்திலே மாதக் கணக்காக வாழ்ந்து, பூதங்களைக் கொன்று, பொன் சேர்த்து, படிப்படியாகத் தரம் உயர்கின்ற விளையாட்டுகள் உண்டல்லவா? அவற்றிலே அலுப்பூட்டுகிற பாடு அதிகம். அந்தப் பாட்டைத் தானியங்கியிடம் விட்டுவிட்டுப் பலனை மாத்திரம் காலையிலே எழுந்து எடுத்துக்கொள்வது இவ்வகை.

இந்த மூன்றாவது வகையைப் பற்றியே நீதிமன்றங்கள் மிக விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. அமெரிக்காவிலே மைக்கல் டொனெலி என்பவர் 2005 இல் ‘கிளைடர்’ என்றொரு செய்நிரலை எழுதி விற்கத் தொடங்கினார். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற பிரசித்தமான விளையாட்டின் ஆரம்பப் படிகளை அது ஆளில்லாமலே ஆடி முடிக்கும். விளையாட்டுக்கு உரிமையுள்ள பிளிஸார்ட் நிறுவனத்துக்கு, 2004 டிசம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில், தானியங்கிகளைப் பற்றி ஆட்டக்காரர்களிடமிருந்து வந்த முறைப்பாடுகள் 465,000 என்றும், அவற்றுக்கு மறுமொழி சொல்வதற்கு மாத்திரம் வருஷந்தோறும் 940,000 டொலர் செலவாயிற்று என்றும் வழக்கேடு கூறுகிறது. 2010 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்தது. தானியங்கி கூடாது என்ற நிபந்தனையை மீறுகிற ஆட்டக்காரன் செய்வது ஒப்பந்த மீறலேயன்றிப் பதிப்புரிமைக் களவு ஆகாது. ஆனால் அந்நிறுவனம் வைத்திருந்த ‘வோடன்’ என்னும் காவற் செய்நிரலை ஏய்க்கும் கருவியை விற்றமை சட்ட விரோதம் என்பது அதன் தீர்ப்பு. 2017 இல் இதே நிறுவனம், ஜேர்மனியைச் சேர்ந்த பொஸ்லாண்ட் என்ற தானியங்கி வியாபாரிக்கு எதிராக, எட்டரை மில்லியன் டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்றது. தென்கொரியா இன்னும் ஒருபடி மேலே போய், இத்தகைய செய்நிரல்களை ஆக்குவதையும் பரப்புவதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. நமது நாடாகிய இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதையும் அதற்குத் தீங்கு செய்வதையும் தண்டிப்பது. அது விளையாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று.

நாலே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த அந்த முறைப்பாடுகளை எழுதியவர்கள் யார் என்பதை யோசித்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தானியங்கி இல்லாமல் ஆடியவர்களாகவே இருந்திருப்பர். அவர்கள் மூன்று வாரம் பாடுபட்டுச் சேர்த்த பொன்னை, உறக்கமும் பசியும் இல்லாத யந்திரங்கள் மூன்று நாளிலே சேர்த்துச் சந்தையிலே கொட்டியபோது, அந்தப் பொன்னின் மதிப்பு இறங்கிற்று. அவர்களுடைய பாட்டின் மதிப்பும் உடன் இறங்கிற்று. கற்பனைப் பொன்தானே என்று நகைப்பதற்கில்லை. பொன் கற்பனையாயினும் அதற்காகச் செலவிட்ட இரவுகள் கற்பனையல்ல.

இனி, யந்திரத்தைப் பிடிக்கிற வித்தையையும் பிடிபடாமல் தப்புகிற வித்தையையும் நோக்கினால் ஒரு விநோதம் புலப்படும். காவற் செய்நிரல் முதலிலே கணினியின் நினைவகத்திலே அந்நிய செய்நிரல் ஏதும் ஓடுகின்றதா என்று தேடிற்று. அதனை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னர், இருபது மணி நேரம் இடையறாமல் ஆடுகின்ற கணக்கு எது, ஒவ்வோர் அசைவுக்கும் இடையே அளந்து வைத்தாற்போல ஒரே அளவு நேரம் விடுகின்ற விரல் எது, உலக வல்லுநனுக்கும் கடினமான நகர்வுக்கும் பாலகனும் அறிந்த நகர்வுக்கும் ஒரே மாதிரி ஏழு விநாடி யோசிக்கிற தலை எது என்று நடத்தையைக் கொண்டு கண்டறியத் தலைப்பட்டார்கள். அதற்கு எதிர்மருந்தாக, தானியங்கியை எழுதுகிறவர்கள் அதற்கு மனிதனுடைய குறைகளையெல்லாம் கற்பிக்கத் தொடங்கினார்கள். தயங்கு, சற்றே குறி தவறு, சில வேளை மோசமான தாளைப் போடு, இடைக்கிடை ஓய்வெடு என்று அதற்குப் பாடம் நடக்கின்றது. குறையில்லாத வெற்றியை நாடி யந்திரத்திடம் போனவன், அந்த வெற்றியை வைத்துக்கொள்ளும்பொருட்டு, தன்னிடம் இயல்பாகவே இருந்த குறைகளை யந்திரத்துக்கு விலை கொடுத்து வாங்கிக் கொடுக்கிறான். இதனிலும் பெரிய பரிகாசத்தை நமது பிரகசன ஆசிரியர் எவரும் எழுதியதாக நான் அறியேன்.

கடதாசியில் அறியாமையின் பங்கீடே ஆட்டத்தின் உயிர் என்றேன். அந்த அறியாமையையும் யந்திரம் வென்றுவிட்டது. 2017 ஜனவரியிலே, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லிபராட்டஸ்’ என்ற செய்நிரல், 120,000 கைகள் ஆடிப் போக்கர் விளையாட்டின் நான்கு தொழில்முறை வல்லுநர்களை வென்றது. 2019 இல் நோவம் பிரவுணும் தூமஸ் சாண்ட்ஹோமும் இயற்றிய ‘புளூரிபஸ்’ ஆறு பேர் ஆடுகின்ற போக்கரிலும் வென்றது. எதிரியின் தாளை எட்டிப் பார்த்து அது வெல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாதபடியே வைத்துக்கொண்டு கணித்து வென்றது. ஆகவே அந்த வெற்றி கௌரவமான வெற்றி. எதிரே இருந்தவர்கள் தாம் யந்திரத்தோடு ஆடுகிறோம் என்று அறிந்தே ஆடினார்கள். அதனை இயற்றியவர்கள் அதன் மூல நிரலை உலகுக்கு வெளியிடவில்லை; பணம் வைத்து ஆடுகிற இணையப் போக்கருக்கு அதனால் விளையக்கூடிய கேடும் அதற்கு ஒரு காரணம் என்று கூறினார்கள். ஆயுதம் செய்தவனுக்குத் தோன்றிய இந்தப் பொறுப்பு, அதனை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தோன்றுவதில்லை.

வாங்குகிறவன் அடைகிற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். வருஷக் கணக்காகச் சேர்த்த தரமும், பணம் கொடுத்து வாங்கிய வேஷங்களும் ஆயுதங்களும் ஒரு நொடியிலே போகும். மேன்முறையீடு செய்வதற்கு மனித முகம் ஒன்றும் அகப்படாது. அதனிலும் பெரிய ஆபத்து வேறொன்று. பெயர் தெரியாத ஒருவன் எழுதி, முகவரி தெரியாத இடத்திலே வைத்திருக்கிற செய்நிரலைக் கைத்தொலைபேசியிலே பதிக்கும்போது, திரையைப் படிக்கவும் விரலுக்குப் பதிலாக அழுத்தவும் அதற்கு உத்தரவு கொடுத்தே தீரவேண்டும். அந்த உத்தரவு இல்லாமல் அது ஆடாது. ஆட்டத்தின் திரையைப் படிப்பது வங்கியின் திரையையும் படிக்கும். நமது வீடுகளிலே பிள்ளை விளையாடுகிற தொலைபேசியும், வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பிய பணம் வந்ததா என்று தாயார் பார்க்கிற தொலைபேசியும் பெரும்பாலும் ஒன்றேயாதலால், இந்த எச்சரிக்கை நமக்கு இரட்டிப்பாக வேண்டும். பிறரை ஏய்ப்பதற்கென்று செய்நிரல் எழுதினவன், அதனை வாங்கினவனிடம் மாத்திரம் நேர்மையாக இருப்பான் என்று நம்புவதற்கு ஆதாரம் யாது?

இதுவரை ஆட்டக்காரனுடைய குற்றத்தையே பேசினோம். தருமபுத்திரனுடைய விதி களத்தை நடத்துகிறவனையும் கட்டுப்படுத்துமா என்று கேட்பதுதான் நியாயம். ‘ஃபோர்ட்நைட்’ என்ற விளையாட்டை நடத்துகிற நிறுவனம் 2019 இலே, புதிதாக வருகிறவர்கள் மனம் சோராமல் இருக்கும்பொருட்டுக் களத்திலே தானியங்கி எதிரிகளை விடப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. நமது இளைஞர் விரும்பி ஆடுகிற ‘பப்ஜி’யிலும் ஆரம்ப நிலையிலுள்ளவன் சுட்டு வீழ்த்துகிற எதிரிகளுள் பலர் மனிதரல்லர். ஆட்டக்காரன் தானியங்கியைக் கொணர்ந்தால் தண்டனை, நடத்துகிறவன் கொணர்ந்தால் உபகாரம் என்ற இந்த வேறுபாட்டை, அறிவித்துச் செய்தான் என்ற ஒரே காரணத்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு விட்டுக்கொடுத்து ஆடுகிற தாத்தாவை நாம் வஞ்சகர் என்று சொல்வதில்லை.

பணம் வைத்து ஆடுகிற இடத்திலே அந்தப் பொறுமைக்கு இடமில்லை. 2024 மார்ச் மாதத்திலே ‘ஸ்கில்ஸ்’ என்ற நிறுவனம் ‘பப்பாயா கேமிங்’ என்ற போட்டி நிறுவனத்துக்கு எதிராக நியூயோர்க்கிலே தொடுத்த வழக்கின் அடிப்படைக் குற்றச்சாட்டு, சக மனிதரோடு திறமையாலே போட்டியிடுகிறோம் என்று நம்பிக் காசு கட்டியவர்களுக்கு எதிரே நிறுவனமே தானியங்கிகளை அமர்த்தியது என்பதாகும். தமிழ்நாட்டிலே இணைய ரம்மியால் குடும்பங்கள் கடனில் மூழ்கி, தற்கொலைகளும் நிகழ்ந்தபோது, நீதிபதி சந்துரு தலைமையில் 2022 இல் ஒரு குழு அமைக்கப்பட்டதும், அதே ஆண்டிலே தடைச் சட்டம் இயற்றப்பட்டதும், 2023 நவம்பர் 9 இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியதும் யாவரும் அறிந்தவை. ரம்மி திறமை விளையாட்டா என்று பல்லாண்டு நடந்த அந்த விவாதத்தினூடே எழுந்த ஒரு கேள்வி என் மனத்தை விட்டு நீங்கவில்லை: திரைக்கு அப்பால் தாளைப் போடுவது மனிதனா, தானியங்கியா என்று காசு கட்டியவன் அறிவது எப்படி? மேசையைச் சுற்றி நால்வர் இருந்து ஆடும்போது ரம்மி திறமை சார்ந்ததாகவே இருக்கட்டும். எதிரே இருப்பது இன்னதென்றே அறிய வழியில்லாதபோது எதனை எதிர்த்து அந்தத் திறமையைப் பிரயோகிப்பது? 2025 ஆகஸ்டிலே இந்திய நடுவண் அரசு, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடுகிற இணைய விளையாட்டு அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். பொருள் வைத்தவன் பின்னால் மறைந்திருக்க, ஆடுபவன் வேறொருவனாக இருந்த அத்தினாபுரத்துச் சபைதான், அளவிலே மாத்திரம் பெருகி, இந்தத் தளங்களிலே கூடியிருந்தது என்பதே நான் சொல்ல விரும்புவது.

இவ்வளவும் சொன்னதனாலே யந்திரத்தைத் தீண்டத்தகாத பொருளாக ஒதுக்க வேண்டும் என்று கருதலாகாது. 1998 இலே ஸ்பெயின் தேசத்து லியோன் நகரத்தில், சதுரங்க வல்லுநர் கஸ்பரோவ் ஒரு புதுமையான பந்தயத்துக்கு வழிகாட்டினார். ஆடுகிற இருவருக்கும் பக்கத்திலே கணினி இருக்கும், இருவரும் அதனைக் கலந்து ஆலோசித்தே காயை நகர்த்துவார்கள். மறு வருஷம் அதே நகரத்தில் அதே முறையிலே மற்றொரு வல்லுநரான கார்ப்போவை ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றவர் வேறு யாருமல்லர், விஸ்வநாதன் ஆனந்த். அன்றைக்குக் கணினியோடு ஆடிய ஆனந்தை எவரும் குறை சொல்லவில்லை. 2021 இல் கணினியோடு ஆடியவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. யந்திரம் ஒன்றே, லியோனில் அது இருவருக்கும் பொதுவாக, இருவர் கண்ணெதிரே இருந்தது. கை நடுங்குகிறவனுக்கும் பார்வை குன்றியவனுக்கும் ஆட்டத்தை எட்டச் செய்கிற துணைக்கருவிகளும் இந்த நியாயத்தின்படி ஒப்புக்கொள்ளத் தக்கவையே. அவை மறைவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

யந்திரத்திடம் கற்பது இன்னும் மேலானது. நளன் கதையிலே, தேரிலே செல்லும் வழியில் அயோத்தி அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் ஒரே நோக்கில் எண்ணிச் சொல்கிறான். நளன் அதனை வாய்ப்பேச்சாக நம்பாமல், மரத்தைத் தறித்து எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியென்று கண்ட பின்னரே அந்த எண் வித்தையையும் பாய்ச்சிகையின் இரகசியத்தையும் அவனிடம் கேட்டுப் பெறுகிறான். பெற்ற பின்பு, முன்னே தன் நாட்டைச் சூதிலே வென்ற புட்கரனோடு அவன்தான் ஆடுகிறான். இருதுபன்னனை அழைத்து வந்து தனக்காக ஆடச் சொல்லவில்லை. இக்கதையை வனத்திலே தருமபுத்திரனுக்குச் சொன்ன பிருகதசுவ முனிவர், முடிவிலே அந்த வித்தையை அவனுக்கும் உபதேசித்தார் என்று பாரதம் கூறுகிறது. இன்றைக்குச் சதுரங்கம் பழகுகிற நமது பிள்ளைகள் இராப்பகலாகக் கணினியோடு ஆடித் தோற்று, தோற்ற இடத்தை அக்கணினியிடமே கேட்டுத் தெளிந்து, பின்னர் போட்டி மண்டபத்துக்குள்ளே வெறுங்கையோடு நுழைகிறார்கள். அவர்கள் செய்வது நளன் செய்ததே. நேற்று கற்றது இன்றைக்கு அவர்களுடைய சொந்தம். இந்த நிமிஷத்திலே காதுக்குள் ஓதப்படுவது அவ்வாறன்று.

குடாநாட்டிலே சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கடல் கடந்த உறவினரையும் சேர்த்து இணையப் போட்டிகள் நடத்துவது பெருகி வருமாதலின், அவர்களுக்கு ஒன்றிரண்டு கூற விழைகிறேன். எவன் பெயர் பதியப்பட்டிருக்கிறதோ அவனே ஆட வேண்டும் என்பதை விதிகளின் முதலிலே எழுதுங்கள். யந்திரத்தின் துணை எல்லாருக்கும் தெரியும்படி எல்லாருக்கும் உண்டு, அல்லது ஒருவருக்கும் இல்லை என்று அறிவியுங்கள். ஆட்கள் போதாமல் நீங்களே ஒரு தானியங்கியைச் சேர்க்க நேர்ந்தால் அதன் நெற்றியிலே அதன் பெயரை எழுதிவிடுங்கள். எல்லாவற்றினும் முக்கியமானது, ஒரு சிறுவன் மிக நன்றாக ஆடினான் என்பதை மாத்திரம் சாட்சியாகக் கொண்டு அவனை அளாப்பினவன் என்று தீர்த்துவிடாதீர்கள். புகழ்பெற்ற தளங்களின் கணிப்புகளும் தவறுவதுண்டு, நிரபராதியின் கணக்கும் முடக்கப்படுவதுண்டு. ஐயமிருந்தால் அவனை நேரே அழைத்து, ஒரு பலகையை முன்னே வைத்து, பெரியவர் ஒருவரோடு ஆடச் சொல்லுங்கள். நம்முடைய ஊரிலே அதற்கு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இவ்வாறு புத்தி சொல்ல நம்மால் இயலாது. அவர்கள் எழுதிய நிபந்தனைகளை வாசியாமலே சம்மதம் என்ற பொத்தானை அழுத்துகிறோம். நிபந்தனை நம்மைக் கட்டுகிறது, அவர்களை அது எவ்வளவு கட்டுகிறது என்று நாம் கேட்பதில்லை. தருமபுத்திரனாவது வாய்விட்டு ஆட்சேபித்தான். ஆட்சேபித்தும் அவன் எழுந்து போகாமைக்கு அவன் சொன்ன காரணம், சூதுக்கு அழைக்கப்பட்டால் மறுப்பதில்லை என்பது தன்னுடைய விரதம் என்பதே. நம்முள் எவரும் அத்தகைய விரதம் பூண்டவரல்லர். எதிரே ஆடுவது யார் என்று சொல்ல மறுக்கிற களத்திலிருந்து, அங்கே எவ்வளவு பொன் குவிந்திருந்தாலும், எந்தப் படியிலே நாம் நின்றாலும், எழுந்து வந்துவிடுகிற சுதந்திரம் நமக்கு உண்டு. அதனைப் பிரயோகிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவது, தானியங்கியைத் தொடாதே என்று கண்டிப்பதிலும் பயனுள்ள போதனையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.